கைப்பிடி பிய்ந்தால் மெஷினைக் குறை சொல்லாதீர்கள்

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி, படத்தோடு எழுதியிருக்கிறார்: "வீட்டில் என் அத்தையின் பழைய கால் மெஷின் இருக்கிறது. வீடியோ பார்த்துக் காடா துணியில் ஒரு பை தைத்தேன். முதல் நாளே மூன்று கிலோ வெங்காயம் போட்டுத் தூக்கியதும் ஒரு பக்கக் கைப்பிடி பிய்ந்துவிட்டது. தெரிந்தவர் ஒருவர், 'இந்த மெஷினில் பை தைக்க வராது, பவர் மெஷின் வாங்குங்கள், 6,000 ரூபாய் டெபாசிட் கட்டினால் மாதாமாதம் பை ஆர்டரும் நானே தருகிறேன்' என்கிறார். கட்டலாமா?"

கட்டாதீர்கள் அம்மா. மெஷினும் வாங்காதீர்கள். காடா என்பது வெளுக்காத கெட்டிப் பருத்தித் துணி; அந்தக் கால் மெஷின் அதை ஏழு மடிப்பு வரை தாராளமாகத் தைக்கும்.

பை பிய்ந்தால் முதலில் பிய்ந்த இடத்தைப் பார்க்க வேண்டும். நூல் அறுந்து கைப்பிடி மட்டும் கழன்று வந்தால் நூலில் கோளாறு. உங்கள் படத்தில் தையல் அப்படியே இருக்கிறது, துணிதான் ஒரு விரல் அகலத்துக்குக் கிழிந்து கைப்பிடியோடு வந்திருக்கிறது. இதற்குக் காரணம் இரண்டு. கைப்பிடியை வாய் மடிப்புக்குக் கீழே ஒற்றைத் துணியில் வைத்துத் தைத்திருக்கிறீர்கள். அதோடு, உறுதியாக இருக்கட்டும் என்று பொடித் தையலாக ஒரே கோட்டில் நாலைந்து முறை ஓட்டியிருக்கிறீர்கள். ஒவ்வொரு குத்தும் ஒரு ஓட்டை. நெருங்க நெருங்க ஓட்டை விழுந்தால் தபால்தலை ஓரம் போல அந்தக் கோட்டிலேயே கிழியும்.

அடுத்த பையை இப்படித் தையுங்கள். 48 அங்குல அகலக் காடாவில் ஒரு மீட்டர் வாங்கி, ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போடுங்கள். இதைச் செய்யாவிட்டால் முதல் சலவையில் துணி சுருங்கும், நூல் சுருங்காது, தையல் எல்லாம் கொசுவிக்கொள்ளும். பிறகு 36 அங்குல நீளம், 15 அங்குல அகலத்தில் இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒரு துண்டுக்கு ஒரு பை. மிச்சமுள்ள அகலத்தில் 4 அங்குலப் பட்டை நான்கு கிடைக்கும், அவை 24 அங்குல நீளக் கைப்பிடிகள். துண்டை இரண்டாக மடித்தால் அடியில் தையலே வராது. பக்கங்களை, நல்ல பக்கம் வெளியே தெரிய, கால் அங்குலத்தில் ஒரு தையல் போட்டு, பையைத் திருப்பி, அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக இன்னொரு தையல் போடுங்கள். பிசிறு உள்ளே அடங்கிவிடும், ஓவர்லாக் மெஷினைத் தேடி யாரிடமும் போக வேண்டியதில்லை.

இப்போது கைப்பிடி. பட்டையின் இரண்டு ஓரத்தையும் நடுவுக்கு மடித்து, மறுபடி பாதியாக மடித்து ஓரத்தில் தைத்தால் ஒரு அங்குலப் பட்டை. பையின் வாயை முதலில் அரை அங்குலம், பிறகு ஒன்றரை அங்குலம் உள்பக்கம் மடியுங்கள். பக்கத் தையலிலிருந்து 4 அங்குலம் தள்ளி, மடிப்பின் கீழ் விளிம்புக்குள் கைப்பிடி முனையை அரை அங்குலம் செருகுங்கள். கைப்பிடி கீழ்நோக்கித் தொங்கட்டும். அப்படியே சுற்றி மடிப்பைத் தைத்துவிட்டு, கைப்பிடியை மேலே தூக்கி, மடிப்பின் மேல் ஒரு அங்குலச் சதுரமாகத் தைத்து, சதுரத்துக்குள் மூலைக்கு மூலை பெருக்கல் குறி போடுங்கள். ஒரு சுற்று போதும். பளு சதுரத்தின் நாலு பக்கத்துக்கும் பிரிந்து போகும்.

ஊசி 16ஆம் நம்பர், பாலியெஸ்டர் நூல், அங்குலத்துக்கு 8 தையல். கைப்பிடி செருகிய இடத்தில் ஏழு மடிப்பு சேரும். அங்கே மிதிக்காதீர்கள். தைப்பதற்கு முன் அந்தக் கட்டியை அம்மிக் குழவியால் நாலு தட்டுத் தட்டிச் சப்பையாக்கி, கைச்சக்கரத்தைக் கையால் சுற்றி ஒவ்வொரு குத்தாக இறக்குங்கள். என்னிடம் கற்ற பெண்கள் உடைத்த ஊசிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு அங்குலத்தில் உடைந்தவைதான்.

குடியாத்தம் என்பதால் ஒன்றை விரிவாகச் சொல்லியாக வேண்டும். உங்கள் ஊரில் லுங்கித் துணி சுலபமாகக் கிடைக்கும், அதில் பை தைக்க ஆசை வரும். மேலே சொன்ன சதுரத் தையல் லுங்கிக்கு ஆகாது. இழை மெல்லிது, மடிப்போடு சேர்ந்தும் பளு தாங்காது, சதுரமே பெயர்ந்து வரும். லுங்கிக்குக் கைப்பிடியை வாயோடு நிறுத்தாமல், பையின் உடம்பு முழுக்க இறக்கி, அடியைச் சுற்றி மறுபக்கம் ஏற்றிவிடுங்கள். ஒரு பைக்கு ஒரே நீளப் பட்டை வேண்டும், 120 அங்குலத்துக்குக் குறையாமல். கடையில் கிடைக்கும் பருத்தி நாடாவே நல்லது. துணி பிரித்துக் கிடக்கும்போதே, பக்கம் மூட்டுவதற்கு முன், நாடாவின் இரண்டு ஓரத்தையும் தைத்துவிட வேண்டும். வாய் மடிப்பு வரும் இடத்தில் மட்டும் தைக்காமல் விட்டு, மடித்த பிறகு சேர்த்துத் தையுங்கள். நாடாவின் இணைப்பு அடிப்பாகத்தில் வரட்டும், கைப்பிடியில் வந்தால் அங்கே பிரியும். அப்போது வெங்காயத்தின் பளுவை நாடா தாங்கும், லுங்கி சாமானைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும் அவ்வளவுதான்.

இனி அந்த டெபாசிட். வேலை கொடுப்பவன் கூலி கொடுப்பான், பணம் கேட்க மாட்டான். என்னிடம் கற்ற ஒரு பெண் இப்படித்தான் நகையை வைத்து 5,000 ரூபாய் கட்டினாள். 200 பை தைத்துக் கொடுத்ததும், தையல் கோணல் என்று கூலியையும் மறுத்து, டெபாசிட்டையும் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு மாதம் அலைந்தும் ஒரு ரூபாய் வரவில்லை. இன்னொரு கூட்டம், துணி என்று சொல்லிப் பஞ்சு போல் இருக்கும் நான்-வோவன் ரோலைத் தலையில் கட்டும். அது பிளாஸ்டிக். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்த பொருள்களில் நான்-வோவன் பையும் உண்டு. ஒரு நூலிழை பிய்த்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும், நான்-வோவன் உருகிக் கட்டியாக உறையும். 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' திட்டம் தொடங்கி, பை தைக்கத் தெரிந்த பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆனால் கடைகளில் இன்னும் நான்-வோவன் பைதான் தொங்குகிறது. யார் வந்து பார்க்கிறார்கள்?

மெஷின் இல்லாத வாசகிகளுக்கும் ஒரு வார்த்தை. சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் அரசு தரும் தையல் மெஷின் இலவசம். விதவையர், கணவரால் கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்கானது. சமூக நலத் துறை வழியாக வருகிறது, எந்தப் புரோக்கருக்கும் அதில் வேலை இல்லை. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு, இதற்காக ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூருக்கும், ஆற்காடு, வாலாஜாக்காரர்கள் ராணிப்பேட்டைக்கும் போக வேண்டும். வேலூர் ஆட்சியர் அலுவலகம் இருக்கும் சத்துவாச்சாரிக்கு அழைத்துப் போகிறேன் என்று அவர்களிடம் வண்டி வாடகை கேட்பவரை நம்பாதீர்கள். எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு: மெஷின் கேட்பவள் தையல் தெரிந்ததற்குச் சான்றிதழ் காட்ட வேண்டுமாம். மெஷினே இல்லாதவள் எங்கே பழகுவாள்? அந்த இடைவெளியில்தான் காசுக்குச் சான்றிதழ் விற்பவன் நுழைகிறான்.

உங்கள் கிழிந்த பையைத் தூக்கிப் போட வேண்டாம். கிழிசலுக்குக் கீழே நேராக வெட்டி, இரண்டு கைப்பிடியையும் பிரித்து, வாயை மறுபடி இரண்டு அங்குலம் மடித்து, சதுரத் தையல் போடுங்கள். பை நாலைந்து அங்குலம் குட்டையாகும். ஐந்து கிலோ அரிசி போட்டு ராத்திரி முழுக்க ஆணியில் தொங்கவிடுங்கள். காலையில் சதுரத்தின் ஓரத்தில் ஊசித் துளை வாய் பிளந்திருந்தால் உள்பக்கம் இரண்டு அங்குலக் காடாத் துண்டு ஒன்று வைத்து, பழைய தையலுக்குச் சற்று வெளியே தையுங்கள்.