நிறுத்திய மோட்டர் திரும்ப எடுக்காவிட்டால்

கன்னியாவில் குழாய்க்கிணற்றுக்குள் இறக்கிய நிரந்தரக் காந்த மோட்டர், நிறுத்திய கையோடு திரும்பப் போட்டால் நடுங்கிவிட்டு ட்ரிப் ஆகிறது, பத்து நிமிடம் விட்டால் ஓடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். பெரும்பாலும் மோட்டரில் பிழை இல்லை. ஒருவழி வால்வைப் பாருங்கள். அது ஒழுகினால் குழாயில் நின்ற தண்ணீர் கீழிறங்கி பம்பைப் பின்பக்கமாகச் சுழற்றும். உள்ளே சென்சர் இல்லாததால் ரோட்டரின் (சுழலும் பாகத்தின்) நிலையை ட்ரைவ், அதாவது மோட்டருக்கு மின்சாரம் கொடுத்து ஓட்டும் மின்னணுப் பெட்டி, ஊகிக்கத்தான் வேண்டும். எதிர்ப்பக்கம் சுழன்றால் பிடிகொடுக்காது. வால்வு மாற்றும்வரை ட்ரைவில் ரீஸ்டார்ட் தாமதத்தை (நிறுத்தியபின் திரும்ப எடுக்கும்வரை காத்திருக்கும் நேரத்தை) கூட்டி வையுங்கள்.

ட்ரைவைக் கழற்றி நேரே லைனில் கொடுக்கச் சொல்லும் பாஸ்மாரை நம்பாதீர்கள், இந்த மோட்டர் அப்படி எடுக்காது. அப்புறம், தண்ணீர் இறங்கும்போது இது ஜெனரேட்டர் மாதிரி: பிரேக்கரை நிறுத்தினாலும் வயர் முனையில் ஷாக் அடிக்கலாம். மீற்றரில் மூன்று வயருக்கிடையிலும் பூச்சியம் காட்டிய பிறகே கை வையுங்கள்.