ஹூடினியின் படம், புரூக்ளின் பெட்டி – கடிதம்

அன்புள்ள சார்,

சென்ற வாரம் ‘தி கிரிம் கேம்’ பார்த்தேன். விலங்கையும் பூட்டையும் கழற்றிக்கொண்டு வெளியே வரும் வித்தைக்காரர் ஹூடினி நடித்த மௌனப்படம், 1919இல் வந்தது. 2015இல் புதுப்பித்துத் திரையிட்டிருக்கிறார்கள். வானத்தில் இரண்டு விமானங்கள் மோதிக்கொள்ளும் காட்சியில் மூச்சே நின்றுவிட்டது. அப்புறம் தேடிப் படித்தால், கயிற்றில் தொங்கியது ஹூடினியே இல்லையாம், டூப்பாம். தானே தொங்கியதாக அவர் சொல்லிக்கொண்டாராம். ஓர் ஏமாற்றுக்காரரின் படத்தை இவ்வளவு பாடுபட்டு மீட்கத்தான் வேண்டுமா? இதுதான் என் கேள்வி.

இன்னொன்று. அந்தப் படத்தின் முழுப் பிரதியை ஒரு ஆள் 1947லிருந்து வீட்டில் பூட்டி வைத்திருந்தாராம். சுயநலத்தின் உச்சம். இந்த மாதிரி ஆட்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள் போல. எங்கள் தெருவிலேயே பழைய டூரிங் டாக்கீஸ் ஆபரேட்டர் ஒருவர் இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய எதையோ வைத்துக்கொண்டு யாரையும் கிட்டே விடுவதில்லை.

கா., தஞ்சாவூர்

அன்புள்ள கா.,

முதல் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், டூப்தான். 1919 மே 31, கலிஃபோர்னியாவில் சான்டா மோனிகா பக்கம். மேலே பறக்கும் விமானத்திலிருந்து கயிற்றில் இறங்கிக் கீழே பறக்கும் விமானத்துக்கு மாறவேண்டும் என்பது திட்டம். தொங்கியவர் ராபர்ட் கென்னடி என்ற சாகச வீரர். யாரும் எதிர்பாராமல் இரண்டு விமானங்களும் உண்மையிலேயே மோதிக்கொண்டன. இயக்குநர் இர்வின் வில்லட் மூன்றாவது விமானத்தில் இருந்தார், கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. எப்படியோ தரைக்கு வந்து சேர்ந்தார்கள், யாரும் சாகவில்லை. அப்புறம் கதையை மாற்றி, அந்த விபத்தைப் படத்துக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். மோதல் நிஜமில்லை என்று நிரூபிப்பவருக்கு 1000 டாலர் பரிசு என்றும் ஹூடினி அறிவித்தார். மோதல் நிஜம். கயிற்றில் யார் என்பதில்தான் பொய். படப்பிடிப்பில் ஏற்கெனவே கை முறிந்திருந்த ஹூடினி அன்று தரையில்தான் இருந்தார். அந்தப் பொய்க்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மேடையில் ஹூடினியின் பலமே காத்திருப்பதுதான். அவரைக் கட்டித் திரைக்குள் விட்டுவிடுவார்கள், கூட்டம் வெறும் திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நிமிடம் ஏற ஏற, ஆள் உள்ளே செத்தேவிட்டானோ என்று பயம் வந்துவிடும். சினிமாவில் அது நடக்காது. ஒரு வெட்டு, ஒரு ஒட்டு, எந்தப் பூட்டும் திறந்துவிடும். பார்ப்பவனுக்கும் அது தெரியும். கட்டடத்திலிருந்து தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, கைகளை மடக்கிக் கட்டிய சட்டையிலிருந்து அவர் நழுவி வருவது இந்தப் படத்திலும் இருக்கிறது. அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. உங்களை உலுக்கியது திட்டமிடாத விபத்து மட்டும்தான். அவருடைய நடிப்பு வாழ்க்கை 1923க்கு மேல் நீளாததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

ஏமாற்றுக்காரரின் படத்தை மீட்கலாமா என்று கேட்டால், இது கேள்வியே இல்லை. படத்தை மீட்பது நடிகருக்கு நற்சான்றிதழ் கொடுப்பது ஆகாது. விட்டுவிடுவோம்.

உங்கள் கடிதத்தை நான் நாலு நாளாகக் கையில் வைத்துக்கொண்டிருப்பது ‘சுயநலத்தின் உச்சம்’ என்ற அந்த இரண்டு சொற்களுக்காக.

படத்தைப் பூட்டி வைத்திருந்த அந்த லாரி வீக்ஸ் யார் என்று தெரிந்துகொண்டுதான் எழுதினீர்களா? நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் வாழ்ந்தவர். பந்துகளைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும் வித்தைக்காரர், அதுதான் பிழைப்பு. ஹூடினியின் மேல் தீராத பிரியம். 1947இல், ஹூடினி இறந்து இருபது ஆண்டுகள் கழித்து, அவருடைய உடைமைகளிலிருந்து இந்தப் படத்தை வாங்கினார். அந்த வருடத்தில் மௌனப்படம் என்றால் என்ன மதிப்பு தெரியுமா? பேசும்படம் வந்து இருபது ஆண்டாகிவிட்டது. ஸ்டூடியோக்கள் தங்கள் படச்சுருளைத் தாங்களே அழித்துக்கொண்டிருந்தன. அந்தக் காலத்து நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பிடிக்கும், வைத்திருப்பது ஆபத்து, இடத்துக்கு வாடகை வேறு. சுருளில் ஒட்டியிருக்கும் வெள்ளியை உருக்கி எடுத்தாலாவது நாலு காசு வரும் என்று கொடுத்தவர்களும் உண்டு. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்த நாட்டில் எடுத்த கிட்டத்தட்ட 11,000 முழுநீள மௌனப்படங்களில், முதலில் வெளியான வடிவத்தில் முழுதாக மிஞ்சியிருப்பவை நூற்றுக்கு 14. பணமும் கட்டடமும் ஆட்களும் இருந்த நாட்டில் இந்த நிலைமை. நம் நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த மௌனப்படம் ‘கீசக வதம்’ ஓர் அடிகூட மிஞ்சவில்லை.

‘தி கிரிம் கேம்’ தொலைந்துபோன படங்களின் பட்டியலில்தான் பல்லாண்டுகள் இருந்தது. விமானக் காட்சி அடங்கிய ஒரு சின்னத் துணுக்கு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. முழுப்படம் ஒரு கிழவரின் வீட்டில் இருந்தது. அவர் அதை எரிக்கவில்லை, வெள்ளிக்காக உருக்கவில்லை, வீடு ஒழிக்கும்போது தெருவில் வைக்கவில்லை. அறுபது வருடத்துக்கு மேல் வைத்திருந்தார், எப்போதோ சில தடவை மட்டும் போட்டுக் காட்டினார். இதற்குப் பெயர் சுயநலம் என்றால், தம்பி, நீங்கள் போன வாரம் பார்த்தது எதை?

பூட்டி வைப்பவர்கள் பிறக்கும்போதே சாவியோடு பிறப்பதில்லை. ஒருவர் இரவல் வாங்கிப்போய்த் திருப்பித் தந்திருக்கமாட்டார். ஒருவர் படம் எடுத்துவிட்டுத் தருகிறேன் என்று போனவர் அப்படியே போயிருப்பார். வீட்டில் மருமகள், ‘இந்தக் குப்பையை எப்போது எடுப்பீர்கள்’ என்று வருடம் முழுக்கக் கேட்டிருப்பாள். இத்தனைக்கும் பிறகு அவர் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டால் அதற்கு நாம் ஒரு பட்டப்பெயர் வைத்துவிடுகிறோம்.

வீக்ஸிடம் கடைசியில் ரிக் ஷ்மிட்லின் போனார். பழைய படங்களை மறுபடி கட்டி எழுப்புவதிலேயே காலம் கழித்தவர். புரூக்ளினுக்கு நேரில் போய்ப் பேசினார். டர்னர் கிளாசிக் மூவிஸ் என்ற பழைய படங்களுக்கான அமெரிக்கத் தொலைக்காட்சி படத்தை விலைக்கு வாங்கியது, புதிதாக இசை சேர்த்தது. 2015 மார்ச்சில் ஹாலிவுட்டில் திரையிட்டார்கள். வீக்ஸ் அதற்குச் சில மாதங்கள் முன்புதான் காலமானார், தொண்ணூறைத் தாண்டிய வயது. இன்னும் கொஞ்சம் தள்ளிப்போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை.

இதில் ஹூடினியிடமே ஒரு கதை உண்டு. நீங்கள் ஏமாற்றுக்காரர் என்று தள்ளிய அந்த மனிதர் பெரிய சேகரிப்பாளர். அவர் சேர்த்த புத்தகங்களில் கிட்டத்தட்ட 4,000 இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. போகிற நாடெல்லாம் பழைய வித்தைக்காரர்களைத் தேடிப்போவார். 1903இல் ஜெர்மனியில் இருந்தபோது, ஃபிரிக்கெல் என்ற ஒரு கிழவர் ட்ரெஸ்டன் அருகே சிற்றூர் ஒன்றில் உயிரோடு இருப்பது தெரியவந்தது. ஒரு காலத்தில் ஐரோப்பிய அரசவைகளில் வித்தை காட்டியவர், மேடையை விட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஹூடினி வீட்டு வாசல்வரை போனார். வீட்டில் இல்லை என்று மனைவியை விட்டுச் சொல்லச் செய்து அனுப்பிவிட்டார் கிழவர்.

ஹூடினி கோபித்துக்கொள்ளவில்லை. கடிதம் எழுதினார், மறுபடி எழுதினார். கிழவருக்கு ரஷ்யத் தேயிலை பிடிக்கும் என்று தெரிந்துகொண்டு ஒரு பொட்டலம் அனுப்பினார். மெல்ல மெல்ல அவர் இளகி, சரி வா என்று எழுதினார். அக்டோபர் மாதம் குறித்த நாளில் ஹூடினி போய்ச் சேர்ந்தார். கிழவர் நல்ல உடை உடுத்தி, பழைய விளம்பரத் தாள்களையும் பதக்கங்களையும் எடுத்துப் பரப்பி வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார். காத்திருந்தபடியே இரண்டு மணி நேரம் முன்பு இறந்துபோயிருந்தார்.

இதை ஹூடினியே எழுதி வைத்திருக்கிறார். தன்னைப் பற்றி எதையும் ஊதிப் பெருக்கி எழுதும் மனிதர்தான், ஆனால் அந்தப் பக்கங்களில் அவர் வெறும் விருந்தாளியாக வாசலில் நிற்கிறார். நான் எத்தனை தடவை படித்தாலும் அந்தத் தேயிலைப் பொட்டலத்திடம் வரும்போது தொண்டை அடைக்கும்.

என் பெரியப்பா டூரிங் டாக்கீஸ் ஆபரேட்டர். அவர் வேலை பார்த்த கொட்டகைக்கு வந்துசேரும் பிரதிகள் பத்து ஊர் ஓடித் தேய்ந்தவை, ஓட்டத்தில் அறுந்துகொண்டே இருக்கும். இருட்டில் ஜனம் விசிலடிக்க, அவர் அறுந்த முனைகளை வெட்டி, பிளேடால் சுரண்டி, ‘சிமெண்ட்’ என்கிற ஃபிலிம் பசையைத் தடவி ஒட்டுவார். வெட்டி விழுந்த துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். முழு ஆண்டு விடுமுறைக்குப் போனால் எனக்கு அதில் பங்கு. ஃபியூஸ் போன பல்பில் தண்ணீர் நிரப்பி, கண்ணாடியில் வெயிலைத் திருப்பிவிட்டால், அவருடைய வேட்டியில் ஒரு முகம் தலைகீழாக விழும். யார் முகம் என்று அவர் சரியாகச் சொல்வார்.

துண்டுகள் போக, அவரிடம் ஐந்தாறு தகர டப்பாக்களும் இருந்தன. கொட்டகை மூடியபோது யாருக்கும் வேண்டாம் என்று கிடந்த ரீல்கள். கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார். நான் கல்லூரி முடித்த வருடம் ஒருநாள், சாப்பாட்டுக்கு நடுவில், ‘உனக்குத்தான்டா இதிலெல்லாம் ஆசை, எடுத்துட்டுப் போயேன்’ என்றார். பஸ்ஸில் எப்படிக் கொண்டுபோவது என்று யோசித்தேன். அடுத்த தடவை பெரியப்பா என்றேன். அதற்கப்புறமும் எத்தனையோ தடவை போனேன், அவரும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அவர் காரியம் முடிந்த மறுநாள்தான் டப்பாவைத் திறந்தேன். மூடி அசைந்ததுமே புளித்த காடி வாடை மூக்கில் ஏறியது. நைட்ரேட்டுக்குப் பதிலாகப் பின்னால் வந்த அசிடேட் சுருள் கெட ஆரம்பித்தால் அப்படித்தான், உள்ளிருந்து அமிலம் கசியும், கசிந்த அமிலமே மேலும் அரிக்கும், ஒரு டப்பாவிலிருந்து பக்கத்து டப்பாவுக்கும் பரவும். வெப்பமும் ஈரமும் இருந்தால் சீக்கிரமே முடிந்துவிடும். நம் ஊரில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. ரீல் நனைந்த அப்பளக்கட்டு மாதிரி ஒட்டிக்கிடந்தது. பிரிக்கப் பார்த்தேன், படலம் உரிந்து விரலோடு வந்தது. அது என்ன படம், யார் நடித்தது, எதுவும் எனக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆளை முந்தின வாரம் சுடுகாட்டில் விட்டுவிட்டு வந்திருந்தோம்.

அதனால்தான் உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. புரூக்ளினில் இறந்துபோன கிழவரைத் திட்ட நேரம் இருக்கிறது, சொந்தத் தெருவில் இருப்பவர் பெட்டியில் என்ன வைத்திருக்கிறார் என்று கேட்க நேரம் இல்லையா? ‘கிட்டே விடுவதில்லை’ என்கிறீர்கள். எத்தனை தடவை போனீர்கள்?

இந்த ஞாயிற்றுக்கிழமை போங்கள். வெறுங்கையோடு போகவேண்டாம், அவருக்கு என்ன பிடிக்கும் என்று பக்கத்து வீட்டில் கேட்டுக்கொண்டு போங்கள். முதல் நாள் பெட்டியைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். எந்தக் கொட்டகையில் வேலை பார்த்தார், புரொஜெக்டருக்கு வெளிச்சம் தரும் கார்பன் எரிந்துகொண்டிருக்கும்போதே ரீல் அறுந்தால் என்ன செய்வார் என்று கேளுங்கள், அவரே பேசுவார். படம் எடுக்க ஃபோனை நீட்டாதீர்கள். இரண்டாம் தடவையோ பத்தாம் தடவையோ அவராகத் திறந்தால், அவர் கையாலேயே எடுக்கட்டும், நீங்கள் பிரித்துப் பார்க்கவேண்டாம். டப்பாவின் மேல் எழுதியிருப்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மூடி அசைந்ததும் காடி வாடை வந்தால் அந்த டப்பாவை மற்றவற்றிலிருந்து தள்ளி, வெயில் படாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். அன்று இரவே எனக்கு எழுதுங்கள். புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தில் யாரிடம் பேசவேண்டும் என்று நான் விசாரித்து வைக்கிறேன்.