சர்க்கரை உள்ளவர் ஸ்டார் ஃப்ரூட் ஜூஸ் குடிக்கலாமா?

கேள்வி: காட்பாடியில் எங்கள் வீட்டு ஸ்டார் ஃப்ரூட் மரம் காய்த்துத் தள்ளுகிறது. சர்க்கரைக்கு நல்லது, காலையில் வெறும் வயிற்றில் ஜூஸ் போட்டுக் குடியுங்கள் என்கிறார்கள். என் மாமனாருக்குச் சர்க்கரையோடு கிரியாட்டினினும் கூடியிருக்கிறது. கொடுக்கலாமா? வேறு எதற்குப் பயன்படும்?

பதில்: மாமனாருக்கு ஒரு துண்டு கூட வேண்டாம் அம்மா. ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு கூடியிருப்பது சிறுநீரகம் பழுதாகியிருப்பதற்கு அடையாளம். ஜூஸாக மட்டுமல்ல, ஊறுகாயாகவோ குழம்பிலோ கூட வேண்டாம்.

இந்தப் பழத்தில் ஆக்சலேட் என்ற உப்பு அதிகம். அதோடு காரம்பாக்சின் என்ற நரம்பு நச்சும் இருப்பதை 2013-இல் பிரேசில் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். நல்ல சிறுநீரகம் இவற்றை வெளியேற்றிவிடும். பழுதான சிறுநீரகத்தால் முடியாது. நச்சு ரத்தத்தில் தங்கி மூளையைத் தாக்கும். பெரும்பாலும் விக்கலில்தான் தொடங்கும், என்ன செய்தாலும் நிற்காது. அப்புறம் வாந்தி, உளறல், வலிப்பு. உயிரே போனதும் உண்டு. ஏற்கெனவே சாப்பிட்டு விக்கல் வந்திருந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் டயாலிசிஸ் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கூட்டிப்போங்கள். என்ன சாப்பிட்டார் என்பதை முதலில் சொல்லுங்கள். டயாலிசிஸ்தான் அந்த நச்சை வெளியேற்றும்.

பழத்தில் சர்க்கரை குறைவு என்பது உண்மை, 100 கிராமுக்கு 4 கிராம்தான். ஆனால் பல வருடச் சர்க்கரைக்காரர்களுக்குச் சிறுநீரகம் கெட்டிருப்பது அவர்களுக்கே தெரியாது. அதனால்தான் இந்த யோசனை எனக்குக் கவலை தருகிறது. கிரியாட்டினினும் சிறுநீரில் அல்புமின் என்ற புரதமும் பார்க்காமல் அவர்கள் யாரும் இந்தப் பழத்தைச் சாப்பிடத் தொடங்க வேண்டாம்.

சிறுநீரகம் நன்றாக உள்ள மற்றவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு சிறிய பழம் ஒன்று சாப்பிடலாம். 100 கிராமில் 31 கலோரி, சுமார் 35 மில்லிகிராம் வைட்டமின் சி, ஏறத்தாழ 3 கிராம் நார்ச்சத்து. ஜூஸ் மட்டும் யாருக்கும் வேண்டாம். ஒரு டம்ளருக்கே பல பழங்கள் போய்விடும். வேலூர் வெயிலில் வியர்த்துக் கொட்டி சிறுநீர் ஏற்கெனவே கெட்டியாக இருக்கும்; அதில் ஆக்சலேட் படிகமாகிச் சிறுநீரகத்தை அடைக்கும். வெறும் வயிற்றில் நிறையக் குடித்து, நல்ல ஆரோக்கியமாக இருந்தவர்களுக்கே சிறுநீரகம் செயலிழந்திருக்கிறது. சிறுநீரகக் கல் வந்தவர்களும் தொட வேண்டாம்.

சமையலுக்குப் பச்சைக் காய்தான் சரி. ஐந்து விளிம்புகளையும் கத்தியால் மெல்லியதாகச் சீவி, விதையை எடுத்துவிட்டுக் குறுக்கே நறுக்குங்கள். இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காய் குழம்பில் பாதிப் புளியைக் குறைத்து நாலைந்து துண்டு போட்டால் புளிப்பு நன்றாகச் சேரும். தயிர்ப் பச்சடி, ஊறுகாய்க்கும் ஏற்றது. மாமனாருக்குக் குழம்பைத் தனியாக எடுத்து வைத்துவிட்டே காயைப் போடுங்கள்.

அடிபட்டு விழுந்ததை வீணாக்க வேண்டாம், பித்தளை விளக்கில் தேய்த்துக் கழுவினால் பளிச்சென்று ஆகும். அக்கம்பக்கத்தில் பழம் கொடுக்கும்போது, வீட்டில் கிட்னி பிரச்சினை யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டுவிட்டே கொடுங்கள்.