தட்டுக்கு வருவதற்கு முன்பே

அன்புள்ள சார்,

எங்கள் வீட்டில் நான்கு பேர். தட்டில் ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்கக் கூடாது என்பது சட்டம். பிள்ளைகள் முகம் சுளித்தாலும் முடித்துவிட்டுத்தான் எழ வேண்டும். ஆனாலும் வாரக் கடைசியில் ஃபிரிட்ஜைத் துடைக்கும்போது ஒரு பை நிறையக் கொட்டுகிறோம். அழுகிய காய், திரிந்த பால், யாரும் திறந்து பார்க்காத டப்பாக்கள். மக்க வைத்து உரமாக்கிவிட்டால் வீணில்லையே என்கிறார் என் மனைவி. எனக்கு மனம் ஒப்பவில்லை. இத்தனை கண்டிப்பாக இருந்தும் எங்கே தவறுகிறோம்?

ஒரு வாசகர் (பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

கண்டிப்பைத் தட்டில் காட்டுகிறீர்கள், உணவு வீணாவது வேறு இடத்தில். தட்டில் மிஞ்சுவது எல்லோர் கண்ணிலும் படும், திட்டுவதற்கு ஒரு ஆளும் கிடைக்கும். காய்த்தட்டின் அடியில் அழுகுவதற்கு ஆள் யாரும் பொறுப்பில்லை. அந்தச் சட்டத்தை முதலில் எடுத்துவிடுங்கள். பசி அடங்கிய பிறகு திணிக்கிற சோறும் வீண்தான். கொஞ்சமாகப் போட்டு, கேட்டால் மறுபடி போடலாம்.

உங்கள் வீடு மட்டும் இப்படியில்லை. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022இல் உலகம் வீணாக்கிய உணவு சுமார் 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து வந்தது. கடைகளும் உணவகங்களும் சேர்ந்துதான் மீதி. வீடுகளில் மட்டும் தலைக்கு ஆண்டுக்கு 79 கிலோ. தோல், எலும்பு போல உண்ண முடியாதவையும் இந்தக் கணக்கில் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதைப் பணக்கார நாடுகளின் வியாதி என்று நினைப்பவர்கள் அதிகம். ஆனால் வீடுகளில் வீணாகும் அளவு நாட்டின் வருமானத்தைப் பொறுத்துப் பெரிதாக மாறுவதில்லை என்கிறது அதே அறிக்கை.

என் கணிப்பில் பாதி வீண் வாங்கும்போதே முடிவாகிவிடுகிறது. வரும் வாரம் ஏழு நாளும் அலுக்காமல் சமைக்கப்போகிற ஒருவருக்காக நாம் காய் வாங்குகிறோம். அப்படி ஒருவர் பெரும்பாலான வீடுகளில் கிடையாது. ஒருநாள் வேலை முடிந்து வர இரவாகும், ஒருநாள் வெளியே சாப்பிட்டுவிடுவீர்கள், ஒருநாள் சும்மா சோம்பலாக இருக்கும். ஏழு நாளுக்கு வாங்காமல் ஐந்து நாளுக்கு வாங்குங்கள். மிச்சம் மீதியே அந்த இரண்டு நாளைப் பார்த்துக்கொள்ளும். கடைக்குக் கிளம்பும் முன் ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் பட்டியல்கூடத் தேவையில்லை.

அடுத்தது, வாங்கியதை வைக்கும் விதம். கீரையை எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கிவந்த பிளாஸ்டிக் பையை முடிச்சோடு அப்படியே உள்ளே தள்ளிவிடுகிறோம். கீரை மூச்சு விடும், பைக்குள் வியர்த்து உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோக்கும். அந்தத் துளி பட்ட இலை முதலில் கறுக்கும், பிறகு கொழகொழவென்று ஆகிப் பக்கத்து இலையில் ஒட்டும். அதோடு கட்டு முழுக்கப் போயிற்று. வந்ததும் பையை அவிழ்த்து, பழுத்த இலைகளைக் கிள்ளி எறிந்து, கழுவாமல், உலர்ந்த பருத்தித் துணியில் சுருட்டி வையுங்கள். கழுவுவது சமைக்கும்போது. பக்கத்தில் ஆப்பிளோ பழுத்த வாழையோ இருக்கக் கூடாது. அவை விடுகிற எத்திலீன் வாயு கீரையைச் சீக்கிரம் மஞ்சளாக்கிவிடும். உருளைக்கிழங்கை ஃபிரிட்ஜுக்கு வெளியே, இருட்டில், வெங்காயத்தை விட்டுத் தள்ளி வையுங்கள். ஃபிரிட்ஜின் கதவுதான் உள்ளதிலேயே சூடான இடம். பெரும்பாலான வீடுகளில் பால் இருப்பதும் அங்கேதான்!

டப்பாக்களுக்கு ஒரே வழி: கண்ணுக்கு நேரான தட்டில், முன்வரிசையில், உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி வைப்பது. சமைக்கப் போகிறவர் ‘இன்று என்ன செய்யலாம்’ என்று யோசிப்பதற்கு முன் ‘எது நாளைக்குத் தாங்காது’ என்று அந்தத் தட்டைப் பார்க்க வேண்டும்.

வீணாக்கக் கூடாது என்ற வைராக்கியத்தில் வயிற்றைக் குப்பைத்தொட்டி ஆக்குபவர்களும் உண்டு. அதுவும் வேண்டாம். வடித்த சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்த பிறகும் பிழைத்திருக்கும். சோறு பானையோடு ராத்திரி முழுக்க வெளியே கிடந்தால் அவை பெருகி நச்சை உண்டாக்கும். காலையில் எவ்வளவு சூடுபண்ணினாலும் அந்த நச்சு போகாது. மிஞ்சும் என்று தெரிந்தால் அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறந்துவிட்டால் யோசிக்காமல் கொட்டுங்கள். பாக்கெட் தேதியிலும் இரண்டு வகை உண்டு. ‘இதற்கு முன் பயன்படுத்தினால் சிறந்தது’ என்பது ருசி, தரம் பற்றியது. அந்தத் தேதி நேற்று முடிந்த பிஸ்கட்டை இன்று தாராளமாகத் தின்னலாம். ‘இந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும்’ என்றிருந்தால் மீறக் கூடாது.

உங்கள் மனைவி சொல்வது பாதி சரி. குப்பை மேட்டில் காற்றில்லாமல் புதைந்து அழுகும் உணவிலிருந்து மீத்தேன் வரும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், அது கரியமில வாயுவைப் போல் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. வீட்டிலேயே காற்றோட்டமாக மக்க வைத்தால் அதில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். ஆனால் ஒரு தக்காளியை விளைவித்த தண்ணீரும் உழைப்பும், அது உங்கள் வீடு வந்துசேரச் செலவான எரிபொருளும் உரமாகத் திரும்பாது. தோலும் காம்பும் உரத்துக்குப் போகட்டும். முழுக் காய் அங்கே போகும்போது மனம் ஒப்பவில்லை என்கிறீர்களே, அதை இழந்துவிடாதீர்கள்.

உரத்தொட்டிக்கு மேலே ஒரு தாளும் பென்சிலும் தொங்கவிடுங்கள். முழுசாகவோ பாதியாகவோ உள்ளே விழுவதன் பெயரை மட்டும் எழுதிவாருங்கள், எடை போட வேண்டாம். எதுவும் இரண்டாம் முறை எழுதப்பட்டால் அடுத்த தடவை அதைப் பாதி அளவு வாங்குங்கள். மூன்றாம் முறையும் வந்தால் உங்கள் வீட்டில் அதை யாரும் விரும்பித் தின்பதில்லை என்று அர்த்தம், உடம்புக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும்.