வரித்துறை ஒழுங்காக வேலை செய்தால் வரி ஏய்ப்பு குறையுமா?

குறையும். ஆனால் வரித்துறை வேலை என்றதும் எல்லோருக்கும் ரெய்டுதான் ஞாபகம் வருகிறது, அதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. பதினோரு வருடமாக ஈரோட்டில் ஒரு பைப் மொத்தக்கடையில் கணக்கு எழுதுகிறேன், ரெய்டு வந்து திருந்திய ஆளை எங்கள் வீதியில் பார்த்ததே இல்லை. ரெண்டு மாசம் எல்லாரும் பில் போடுவார்கள், அப்புறம் பழைய கதைதான்.

திருத்தியது 2பி, அதாவது எங்களுக்கு விற்றவர்கள் ஏற்றிய பில்களை ஜிஎஸ்டி போர்ட்டல் மாதாமாதம் காட்டும் பட்டியல். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது, அப்போதே இந்தப் பில் சரிபார்ப்பு முழுசாக இறுகவில்லை. எங்களுக்குச் சரக்கு விற்றவர் அந்த பில்லை ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை ரிட்டர்னில் ஏற்றினால்தான் எங்கள் 2பி-யில் தெரியும், தெரியாவிட்டால் இன்புட் (வாங்கும்போது கொடுத்த வரியை நாங்கள் கட்ட வேண்டியதில் கழித்துக்கொள்வது) எடுக்க முடியாது என்பது 2022 ஜனவரியில்தான் கறாரானது. மாதாமாதம் 14ஆம் தேதி அதை எக்செல்லில் இறக்கி, பர்ச்சேஸ் லெட்ஜரோடு ஒவ்வொன்றாக டிக் அடித்து, விடுபட்ட பார்ட்டிக்குப் போன் போடுவேன். "அண்ணே, உங்க பில்லு ரெண்டு காணோம், ஏத்துற வரைக்கும் முதலாளி செக் தரமாட்டாரு." எந்த ஆபீசரும் வராமலே அடுத்த ரிட்டர்னில் ஏறிவிடும்.

இந்தச் சங்கிலி அறுவது கடைசி ஆளிடம். வீட்டுக்கு டைல்ஸ் வாங்குபவருக்கு இன்புட் கிடையாது, "பில்லு போட்டா 18 பர்சென்ட் சேரும் சார்" என்றால் அவர் எதற்குக் கேட்கப்போகிறார்? வருமான வரியிலும் இதே கதைதான், சம்பளக்காரருக்குச் சம்பளம் தரும்போதே வரியை டிடிஎஸ் என்று பிடித்துவிடுகிறார்கள், ரொக்கத்தில் தொழில் செய்பவர் சொன்னதுதான் கணக்கு. டென்மார்க்கில் 40,000 பேருக்கு மேல் வைத்து ஆய்வு செய்தபோதும், முதலாளியோ வங்கியோ துறைக்குத் தகவல் கொடுத்துவிடும் வருமானத்தில் ஏய்ப்பு கிட்டத்தட்ட இல்லை, தானாகச் சொல்ல வேண்டிய வருமானத்தில்தான் இருந்தது.

துறை சொதப்பினால் என்ன ஆகும் என்பதையும் அனுபவித்தாயிற்று. ஒரு பார்ட்டி எங்களிடம் வரியோடு பணம் வாங்கிக்கொண்டு, பில்லையும் ஏற்றிவிட்டு, அரசுக்குக் கட்டாமல் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார். பணம் பேங்க் வழியாகப் போனதற்கு ஆதாரம் எல்லாம் இருந்தும் நோட்டீஸ் எங்களுக்குத்தான் வந்தது. அதுவும் போர்ட்டலில் கூடுதல் நோட்டீஸ் என்று தனியாக ஒரு மூலை இருக்கிறதே, அங்கே கிடந்தது. நான் பார்க்கும்போது பதில் சொல்லும் கெடு தாண்டி ஒன்பது நாள். ஓடியவரைத் தேடினார்களா என்று கேட்டதற்கு அந்த அலுவலகத்தில் பதிலே இல்லை, வட்டியோடு நாங்கள்தான் மறுபடி கட்டினோம். அன்று முதலாளி கேட்டார், "கட்டுனவன்கிட்டயே திரும்ப வாங்குனா, கட்டாதவன்தானடா புத்திசாலி?" இந்தக் கேள்வி வீதி முழுக்கப் பரவினால் எத்தனை ரெய்டு விட்டாலும் வேலைக்காகாது.

அதிலிருந்து புது பார்ட்டி என்றால் சரக்குக்கான பணத்தை மட்டும் கொடுக்கிறோம். வரித் தொகையை, அவர் 3பி (வரியைக் கட்டிப் போடும் ரிட்டர்ன்) போட்டதாக போர்ட்டலில் காட்டிய பிறகுதான் விடுகிறோம். சிலர் கோபப்பட்டுச் சரக்கு தர மாட்டேன் என்கிறார்கள், சரி என்று விட்டுவிடுகிறோம்.