மெம்பிஸ் எங்கே போயிற்று?

அன்புள்ள ஐயா,

எகிப்து என்றாலே பிரமிடும் கோயிலும்தான் பேசப்படுகின்றன. மெம்பிஸ், தீப்ஸ் போன்ற பெரிய நகரங்களின் வீடுகளும் தெருக்களும் என்னவாயின? மெம்பிஸில் பார்க்க அதிகம் இல்லை என்கிறார்கள். அது அவ்வளவு முக்கியமான ஊர்தானா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முக்கியமான ஊர்தான். அந்த நாட்டுக்கே பெயர் கொடுத்த ஊர். மெம்பிஸில் இருந்த ப்தா என்ற தெய்வத்தின் கோயிலுக்கு 'ஹூத்-கா-ப்தா' என்று பெயர். அதுவே கிரேக்கர் வாயில் 'ஐகுப்தோஸ்' ஆகி, கடைசியில் எகிப்து ஆனது. நைல் பல கிளைகளாகப் பிரியும் இடத்துக்குச் சற்றுத் தெற்கே இருந்ததால், மேலே போகிற படகும் கீழே வருகிற படகும் அதைத் தாண்டித்தான் போகவேண்டும். அமுன் என்ற தெய்வத்தின் கோயிலால் தீப்ஸ் ஓங்கிய காலத்திலும் மெம்பிஸ் நிர்வாக நகரமாக நீடித்தது.

சரி, வீடுகள்? கல் கட்டடம் தெய்வத்துக்கும் இறந்தவர்களுக்கும்தான். உயிரோடு இருப்பவர்களுக்கு, அரண்மனை உட்பட, சுடாத செங்கல். நைல் வண்டலில் வைக்கோலைக் கலந்து, மர அச்சில் அடித்து, வெயிலில் காயவைத்தது. வீடு இடிந்தால் மண்ணை நிரவி அதன்மேலேயே அடுத்த வீடு. அப்படி உயர்ந்த மேட்டு மண் நல்ல உரம் என்பதால், 19-ஆம் நூற்றாண்டில் உழவர்கள் அதை வெட்டி வயலில் போட்டார்கள். கோயில் கற்கள் ஏற்கெனவே கெய்ரோவுக்குப் போயிருந்தன. இப்போது அங்கே மிட் ரஹினா கிராமமும் பேரீச்சந்தோப்புகளும் இருக்கின்றன.

என் மனதைப் பிசைவது பி-ராமெசெஸ். இரண்டாம் ராமெசெஸ் கிழக்கு டெல்டாவில் எழுப்பிய தலைநகரம். பக்கத்தில் ஓடிய நைல் கிளை தூர்ந்ததும் ஊரும் போயிற்று. பின்வந்த மன்னர்கள் சிலைகளையும் தூண்களையும் பெயர்த்து டானிஸ் என்ற ஊருக்குக் கொண்டுபோனார்கள். அதனால் டானிஸைத் தோண்டிய பிரெஞ்சுத் தொல்லியலாளர் பியேர் மோந்தே, இதுதான் பி-ராமெசெஸ் என்றே நம்பினார். உண்மையான ஊர் காந்திர் கிராமத்து வயல்களுக்கடியில் கிடந்தது. ராமெசெஸின் பெருஞ்சிலை ஒன்றின் பாதங்கள் மட்டும் அங்கே மிச்சம்.

நீங்கள் தேடும் தெரு வேண்டுமென்றால், தீப்ஸுக்கு எதிர்க்கரையில் டெய்ர் எல்-மெதினாவைப் பாருங்கள். அரசர்களின் கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர் குடியிருப்பு. ஆற்றிலிருந்து தள்ளி, வறண்ட பள்ளத்தாக்கில் இருந்ததால் தப்பியது. நடுவே ஒரு தெரு, இருபுறமும் ஒட்டி ஒட்டி வீடுகள். சுவர்கள் இடுப்பளவுக்கு இன்னும் நிற்கின்றன. அங்கே கிடைத்த கல் சில்லுகளில் சலவைக் கணக்கும் உண்டு: எந்தத் துணி, எத்தனை என்று படம் வரைந்து புள்ளி வைத்திருக்கிறார்கள்.

அன்புடன்.