கேட்காத கடனுக்கு என்கொயரி!

கேள்வி: வீட்டுக் கடன் வாங்கும் எண்ணத்தில், என் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் ரிப்போர்ட் எடுத்தேன். ஒரே வாரத்தில் மூன்று நிறுவனங்கள் தனிநபர் கடனுக்காக என் ரிப்போர்ட்டைப் பார்த்ததாக அதில் இருக்கிறது. நான் யாரிடமும் கடன் கேட்கவில்லை. இந்தப் பதிவுகளை எப்படி நீக்குவது?
- வாசகி, ஈரோடு

பதில்: இப்படிக் கடன் நிறுவனம் ரிப்போர்ட்டைப் பார்த்த பதிவுக்குப் பெயர் 'என்கொயரி'. அதைவிட முதலில் பார்க்க வேண்டியது, அதே ரிப்போர்ட்டில் உள்ள கடன் கணக்குகளின் பட்டியலை. உங்களுக்குத் தெரியாத கணக்கு ஏதாவது இருந்தால், உங்கள் பெயரில் யாரோ பணமே வாங்கியிருக்கலாம். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுத்துவிட்டு, கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் எழுதுங்கள். புதிய கடன் ரிப்போர்ட்டில் ஏறச் சில வாரங்கள் ஆகலாம். அதனால் ஒரு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். சிபில் போலவே கடன் ரிப்போர்ட் தரும் எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நிறுவனங்களின் ரிப்போர்ட்டுகளையும் எடுங்கள். நான்கு நிறுவனங்களுமே ஆண்டுக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும்.

அடுத்து, என்கொயரி தேதியை வைத்து உங்கள் போனில் வந்த ஓடிபி எஸ்எம்எஸ்களைத் தேடுங்கள். கடன் ஆப்களில் பல, முன்னால் நிற்கும் முகம் மட்டுமே. பணம் கொடுப்பது வேறொரு என்பிஎஃப்சி (வங்கியல்லாத நிதி நிறுவனம்). ரிப்போர்ட்டில் அதன் பெயர்தான் வரும். தவணையில் ஃபிரிட்ஜ் வாங்கப் போனால், கடைக்காரர் உங்கள் பான் எண்ணை இரண்டு மூன்று ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்கு ஒரே நேரத்தில் அனுப்புவதும் உண்டு. 'எவ்வளவு கடன் கிடைக்கும்?' என்று பார்க்க ஓடிபி கொடுத்திருந்தால், அதையே சம்மதம் என்று காட்டுவார்கள். அந்தப் பதிவை நீக்குவது கடினம்.

சம்மதமே கொடுக்கவில்லை என்றால் சிபில் இணையதளத்தில் 'டிஸ்பியூட்' (ஆட்சேபப் புகார்) பதிவு செய்யுங்கள். கட்டணம் கிடையாது. ஆனால் கடன் நிறுவனம் ஒப்புக்கொள்ளாமல் சிபில் தானாக எதையும் அழிக்காது. பலருடைய புகார் தோற்பது இங்கேதான். ஆகவே அன்றே அந்த மூன்று நிறுவனங்களின் குறைதீர்ப்பு அதிகாரிகளுக்கும் தனித்தனியாக மெயில் அனுப்புங்கள். 'நான் விண்ணப்பிக்கவில்லை, நீக்குங்கள்' என்று மட்டும் எழுதினால் 'எங்கள் பதிவுகள் சரியாக உள்ளன' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஆதாரத்தைக் கேளுங்கள்: விண்ணப்ப எண், நாள், நேரம், விண்ணப்பத்தில் தரப்பட்ட மொபைல் எண், ஓடிபி சம்மதப் பதிவு, ஐபி முகவரி, இடையில் இருந்த ஏஜென்ட் யார். மொபைல் எண் உங்களுடையது இல்லை என்று தெரிந்தாலே உங்கள் பக்கம் வலுவாகிவிடும். ரிப்போர்ட்டின் அடையாள எண்ணான கண்ட்ரோல் நம்பரையும் என்கொயரி வந்த பக்கத்தையும் இணைத்து அனுப்புங்கள்.

கடன் தகவலைத் திருத்தக் கோரும் புகாரை 30 நாளுக்குள் முடிக்க வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு என்பது 2024 ஏப்ரல் 26 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. புகார் தேதியை மெயிலிலேயே குறிப்பிடுங்கள். பதில் வராவிட்டாலோ, திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) சிஎம்எஸ் என்ற அதன் புகார் இணையதளம் வழியே முறையிடலாம். விவரம் கேட்க 14448. சிபில் போன்ற நிறுவனங்களும் 2022 செப்டம்பர் முதல் ஆம்பட்ஸ்மேன் திட்டத்துக்குள் வந்துவிட்டன.

வீட்டுக் கடன் விண்ணப்பத்தோடு டிஸ்பியூட் எண்ணையும் மெயில் நகலையும் கொடுங்கள். இது முடியும்வரை நாலைந்து வங்கிகளில் ஒரே சமயத்தில் விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொன்றும் இன்னொரு என்கொயரியாக ஏறும்.

கேள்வி: பணம் கொடுத்தால் என்கொயரியை அழித்துத் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். நானே அடிக்கடி ரிப்போர்ட் பார்த்தால் ஸ்கோர் குறையும் என்றும் பயமுறுத்துகிறார். உண்மையா?
- வாசகர், திருச்சி

பதில்: இரண்டும் பொய். உங்கள் ரிப்போர்ட்டை நீங்கள் எத்தனை முறை பார்த்தாலும் ஸ்கோர் குறையாது. மேலே சொன்ன இலவச வழியைத் தவிர ஏஜென்டிடம் தனி வழி எதுவும் இல்லை. உங்கள் லாகின் ஓடிபியைக் கேட்பார்; கொடுக்காதீர்கள். உங்கள் ரிப்போர்ட்டை யாராவது எடுத்தால் எஸ்எம்எஸ் அல்லது மெயிலில் தகவல் வர வேண்டும். வங்கியிலும் சிபிலிலும் பழைய மொபைல் எண் இருந்தால் இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.